கையுணர்வும் வேண்டும், பிழையும் பொறுக்க வேண்டும்: கோல்ப் அயர்ன் தெரிவு செய்ய முழுமையான வழிகாட்டி

ஊரில் கோல்ப் என்று வாயெடுத்தால் "அது கொழும்பு ஆக்களின்ர விளையாட்டெல்லோ" என்று சிரிக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் பழகிக்கொண்டவர்கள், கனடாவிலும் லண்டனிலும் இருந்து ஓய்வெடுத்து வந்து காணி திருத்தி வீடு கட்டியவர்கள், லீவுக்கு வந்த மருமகனோடு போய் ஆசை பிடித்துக்கொண்டவர்கள் என்று யாழ்ப்பாணத்திலும் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. முழுசாக 18 குழி ஆட வேண்டுமென்றால் கொழும்புக்கோ, திருகோணமலை சீனக்குடாவுக்கோ, திகணைக்கோ, நுவரெலியாவுக்கோ போக வேண்டும். ஆட்டம் எப்போதாவதுதான், ஆகவே மட்டைக் கதைதான் அதிகம். அந்தக் கதையில் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி: கைக்கு நல்ல உணர்வும் தர வேண்டும், பிழையாக அடித்தாலும் பந்து போய்ச் சேர வேண்டும், எந்த அயர்னை, அதாவது நடுத்தரத் தூரத்துக்கு அடிக்கிற உலோகத் தலை மட்டையை, எடுப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டையின் முதுகைப் பார்த்து வாங்காதீர்கள், உங்கள் பந்து அதன் முகத்தில் எங்கே படுகிறது என்று பார்த்து வாங்குங்கள். முதுகு பளபளவென்று ஒல்லியாக இருக்கிறதா, பெரிய குழியோடு தடிப்பாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. முதலில் ஒரு வலை கட்டுங்கள்

எதையும் விசாரிக்க முதல் ஏதாவது ஒரு 7 அயர்னைக் (எண் கூடக் கூடத் தூரம் குறையும்) கையில் எடுங்கள், இரவல் வாங்கினதும் பரவாயில்லை. வளவுக்குள் அடிப்பதற்கு வலை வேண்டும். அதைக் கடல் கடந்து தருவிக்கத் தேவையில்லை. குருநகர், பாசையூர்ப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் கழித்துப்போட்ட மீன்வலை கிடைக்கும். கோல்ப் பந்தின் விட்டம் விதிப்படி 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, ஆகவே வலையின் கண் அதைவிட நல்ல சிறியதாக இருக்க வேண்டும். கண் பெரிதென்றால் இரட்டையாக மடித்துக் கட்டுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டினால் பந்து திரும்பி உங்கள் முழங்காலுக்கே வரும். மேலே கயிற்றில் தொங்கவிட்டு, கீழ்ப்பக்கம் ஒரு முழம் நிலத்தில் கிடக்க விடுங்கள். பின்னால் மதில் இருந்தால் வலைக்கும் மதிலுக்கும் நடுவில் தாராளமாக இடம் விடுங்கள். பக்கத்து வீட்டு ஓடு உடைந்தால் அது உங்கள் கணக்கு.

தும்புக் கால்மிதியில் வைத்து அடிக்கலாம், ஆனால் அதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. பந்துக்கு முன்னமே நிலத்தில் குத்துகிற அடியைக் கால்மிதி மறைத்துவிடும், மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும். வளவின் ஒரு மூலையில் ஒரு பாய் அளவுக்காவது அறுகம்புல் இருந்தால் அதில் அடிப்பதே நல்லது.

இனி அந்த 7 அயர்னின் முகத்தை ஈரத் துணியால் ஒருக்கா துடைத்து, குழந்தைப் பவுடரை மெல்லியதாகத் தடவுங்கள். கூடினால் ஒன்றும் தெரியாது, மூக்குக் கண்ணாடியில் படிகிற தூசி மாதிரி இருந்தால் போதும். அடித்தவுடன் பந்து பட்ட இடத்தில் வெள்ளை கலைந்து ஒரு வட்டம் தெரியும். நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் பந்தின் சிறு குழிகள்கூடப் பதிந்திருக்கும். தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டுத் துடைத்துத் திரும்பவும் தடவி அடியுங்கள். முதல் நாலைந்து அடிகளை விட்டுவிடுங்கள், உடம்பு சூடாகும் வரைக்கும் வருவது உங்கள் அடியே இல்லை. அதற்குப் பிறகு ஒரு இருபது அடி போதும்.

படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லா அடியும் ஒரு ஐந்து ரூபா நாணயம் அளவு இடத்துக்குள் இருந்தால் உங்களுக்கு இந்த வழிகாட்டியே தேவையில்லை, பிடித்ததை எடுங்கள். பக்கவாட்டில் சிதறியிருந்தால், அதாவது சிலது நுனிப்பக்கம் (தலையின் வெளிமுனை) சிலது குதிப்பக்கம் (தண்டு ஏறுகிற பக்கம்), நீங்கள் தேடவேண்டியது முறுக்கத்தைத் தாங்கும் தலை. மேலும் கீழுமாகச் சிதறி அதிகமானவை முகத்தின் கீழ்ப் பள்ளக்கோடுகளில் பட்டிருந்தால், பாரம் கீழே இருக்கிற, அடிப்பகுதி கொஞ்சம் அகன்ற தலை. எல்லாமே ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) ஏறுகிற கழுத்துக்குக் கிட்ட என்றால் மட்டை வாங்குவதை ஒத்திப்போடுங்கள். நிற்கிற தூரமோ மட்டையின் நீளமோ பிழை, அதைச் சரிசெய்யாமல் என்ன விலை கொடுத்து வாங்கினாலும் பந்து கழுத்தில் பட்டு (வலக்கைக்காரருக்கு) வலப்பக்கம் வேலிக்குள்தான் போகும்.

2. பிழை பொறுக்கிற அயர்ன் என்ன செய்யும், என்ன செய்யாது

கடினப்பந்துக் கிரிக்கெட் ஆடினவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். துடுப்பின் நடுவில் பட்டால் பந்து பட்டதே தெரியாது, அடி நுனியில் பட்டால் கை விறைக்கும், பிடிக்குள் துடுப்புத் திரும்பும். அயர்னிலும் அதேதான். பந்து நடுவை விட்டு விலகிப் பட்டால் தலை தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். திரும்பினால் முகம் விலகும், வேகமும் குறையும். உலோகப் பாரத்தை நடுவிலிருந்து எடுத்து ஓரங்களுக்குத் தள்ளினால் அந்தத் திரும்பல் குறைகிறது. நடுவில் எடுத்த இடம் குழியாக நிற்கும், அதுதான் கேவிட்டி பேக்.

இதை உலகம் முழுக்கப் பரப்பியவர் நோர்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன கார்ஸ்டன் சோல்ஹைம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தவர், 1959இல் வீட்டுக் கராஜில் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டுகிற மட்டை) செய்யத் தொடங்கி, அதுவே பிங் என்கிற கம்பனியாகியது. 1982இல் வந்த பிங் ஐ 2 (Eye2) அயர்ன்கள் இன்றைக்கும் கனடாவில் பழைய பொருள் விற்கிற வீட்டு வாசல்களில் கிடைக்கின்றன, பார்க்க அவ்வளவு வடிவில்லை, ஆனால் அடிக்கலாம்.

என்ன செய்யாது என்பதுதான் முக்கியம், விளம்பரத்தில் அது வராது. பந்தில் படும்போது மட்டையின் முகம் திறந்திருந்தால், அதாவது வலப்பக்கம் பார்த்திருந்தால், மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வந்தால், பந்து வலப்பக்கம் வளைந்துதான் போகும். அதை எந்தக் குழியும் மன்னிக்காது. பந்துக்கு முன்னம் நிலத்தைக் குத்தினாலும் அப்படித்தான், அகன்ற அடிப்பகுதி கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். கழுத்தில் பட்ட அடிக்கும் மருந்து கிடையாது. முகம் ஷாஃப்டுக்குக் கொஞ்சம் பின்தள்ளி இருக்கிற ஓஃப்செட் மட்டைகள் முகம் மூட ஒரு சிட்டிகை நேரம் கூடத் தருகின்றன, வலப்பக்கம் வளைகிறவர்களுக்கு அது உதவும். ஏற்கனவே இடப்பக்கம் இழுக்கிறவர் அதை எடுத்தால் இன்னும் இழுக்கும்.

3. கையுணர்வு எங்கேயிருந்து வருகிறது

பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். உங்கள் மூளைக்குச் செய்தி போக முன்னம் பந்து பறந்துவிட்டது. ஆகவே கையுணர்வு என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய அறிக்கை மட்டுமே. அது மூன்று வழியால் வருகிறது: ஷாஃப்ட் வழியாக ஏறுகிற அதிர்வு, கைக்குள் மட்டை திரும்புகிற திரும்பல், காதில் விழுகிற சத்தம். கனபேர் கடைசியைக் கணக்கில் எடுப்பதில்லை. காதை நன்றாக அடைத்துக்கொண்டு உங்கள் மட்டையையும் நண்பனின் மட்டையையும் மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள், "வெண்ணெய் மாதிரி" என்று நீங்கள் புகழ்ந்ததில் எவ்வளவு பங்கு காதினுடையது என்று தெரியவரும்.

அடித்து உருவாக்கிய, அதாவது ஃபோர்ஜ்டு, மென்மையான கார்பன் உருக்குத்தான் உணர்வு தரும், வார்த்தது விறைப்பாக இருக்கும் என்பது பழைய கதை. அதில் உண்மை கொஞ்சம் உண்டு. ஜப்பானியக் கம்பனி மிசுனோ ஹிரோஷிமாவில் ஃபோர்ஜ் செய்யும் அயர்ன்களை ஒருக்கா அடித்தவர்கள் திரும்பத் திரும்ப அதைப் பற்றியே கதைப்பார்கள். ஆனால் பிங் ஐ210, ஐ230 இரண்டும் வார்த்த துருப்பிடிக்கா உருக்கு, முகத்துக்குப் பின்னால் மென்மையான இலாஸ்டமர் துண்டு வைத்து அதிர்வை அடக்கியிருக்கிறார்கள், கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் ஃபோர்ஜ்டு என்று சத்தியம் பண்ணுவார்கள். உள்ளே வெறுமையாக விட்டு நுரை நிரப்புகிற அயர்ன்களிலும், டெய்லர்மேட் கம்பனியின் பி790 மாதிரி, நுரையின் ஒரு வேலை சத்தத்தை அடக்குவதுதான்.

பந்தையும் மறக்காதீர்கள். விலை குறைந்த இரண்டு அடுக்குக் கடினமான பந்து, யூரித்தேன் மேலுறையுள்ள மென்மையான பந்து, இரண்டையும் ஒரே மட்டையால் அடித்தால் இரண்டு மட்டை மாதிரி இருக்கும். அயர்ன்களை ஒப்பிடும்போது ஒரே பந்து, அதுவும் நீங்கள் வழமையாக ஆடுகிற பந்து. பயிற்சித் திடலில் கூடையில் தருகிற பந்தை வைத்து "உணர்வு இல்லை" என்று ஒரு மட்டையைத் தள்ளிவிடக் கூடாது.

அப்படியென்றால் நல்ல கையுணர்வை எப்படிச் சோதிப்பது? மென்மையாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். திரும்பவும் பவுடர் தடவி அடியுங்கள், ஆனால் முகத்தைப் பார்க்க முன்னம் "நுனி", "நடு", "குதி", "கீழ்" என்று வாயால் சொல்லுங்கள். பிறகு பாருங்கள். பத்தில் ஏழெட்டுத் தரம் சரியாகச் சொன்னால் அந்த அயர்ன் உங்களோடு கதைக்கிறது. எங்கே பட்டாலும் ஒரே மாதிரி "டொக்" என்று மட்டும் கேட்கிறது, எங்கே பட்டதென்று ஊகிக்க முடியவில்லை என்றால், பிழை பொறுக்கிறது உண்மைதான், ஆனால் நீங்கள் முன்னேற மாட்டீர்கள். எங்கே பட்டதென்று கை சொல்லக்கூடிய அயர்ன்களுக்குள் ஆகக் கூடுதலாகப் பிழை பொறுப்பது எதுவோ, அதுதான் உங்களுடையது. சமநிலை என்று இணையத்தில் எல்லோரும் சொல்கிறார்களே, எனக்கு அது இவ்வளவுதான்.

4. நாலு குடும்பங்கள், ஒரு எண் ஏமாற்று

பிளேட்: முதுகு மூடியது, தலை சிறியது, நடுவில் பட்டால் சொர்க்கம். வாரத்துக்கு மூன்று நாள் ஆட இடமில்லாத ஒருவர், அதாவது யாழ்ப்பாணத்தில் இருக்கிற எவரும், இதை வாங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வடிவுக்காக என்றால் சரி, அது வேறு விஷயம்.

பிளேயர்ஸ் கேவிட்டி: தலை அளவானது, பின்னால் ஆழம் குறைந்த குழி, ஓஃப்செட் கொஞ்சம். டைட்லிஸ்ட் கம்பனியின் டி100 இந்தப் பக்கத்தில் கூர்மையான முனை, பிங் ஐ230 கொஞ்சம் தாராளமானது. ஓரளவு ஆடிப் பழகியவர்களுக்குக் கையுணர்வும் பொறுமையும் சந்திக்கிற இடம் இங்கேதான்.

பிளேயர்ஸ் டிஸ்டன்ஸ்: வெளியில் பார்க்கப் பிளேட், உள்ளே வெறுமை, மெல்லிய முகம். பந்து வேகமாகப் போகும். பி790 இதற்கு உதாரணம்.

கேம் இம்ப்ரூவ்மென்ட்: தலை பெரியது, அடிப்பகுதி அகன்றது, பாரம் கீழேயும் பின்னாலேயும். பிங் ஜி430, டைட்லிஸ்ட் டி350 மாதிரி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வெட்கப்படாமல் இதை எடுங்கள்.

ஏமாற்று என்னவென்றால், தலையில் எழுதியிருக்கிற "7" எல்லாக் கம்பனிக்கும் ஒன்றில்லை. சாய்வு என்பது முகம் பின்னால் சாய்ந்திருக்கிற கோணம், அது குறையக் குறையப் பந்து தூரம் போகும். டி100இல் 7 அயர்னின் சாய்வு 34 பாகை, ஐ230இல் 33, பி790இல் 30 அளவு, ஜி430இலும் டி350இலும் 29. அதாவது ஒருவர் "நான் புது 7 அயர்னால் ஒரு பனை உயரம் கூடத் தூரம் அடிக்கிறேன்" என்று புளுகினால், அவர் அடித்தது பழைய கணக்கில் 6 அயர்ன், சிலவேளை அதுக்கும் கீழே. தூரம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பந்து சுழற்சி குறைந்து வந்து விழும். திருகோணமலை, அநுராதபுரம் மாதிரி வரண்ட பக்கங்களில் பச்சைத்தளம் (குழியைச் சுற்றியிருக்கிற கட்டையாக வெட்டிய புல்தரை) காய்ந்து இறுகிக் கிடக்கிற மாதங்களில் அது நிற்காமல் பின்பக்கத்தால் ஓடிவிடும். பாரம் கீழே இருப்பதால் உயரம் கிடைக்கும் என்று கம்பனிகள் சொல்வது உண்மை, உங்கள் வீச்சு வேகம் அதுக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, கனபேர் வாங்கிய பிறகுதான் கவனிப்பார்கள். வெட்ஜ் என்பது கிட்டத் தூரத்துக்கு அடிக்கிற, சாய்வு கூடிய மட்டை. ஜி430இன் பிட்சிங் வெட்ஜ் 41 பாகை. உங்களிடம் இருக்கிற சாண்ட் வெட்ஜ் 56 என்றால் இடையில் 15 பாகை வெறுமை. அந்தத் தூரத்தில் பந்து கிடக்கும்போதெல்லாம் அரைவீச்சு, முக்கால்வீச்சு என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்படியான செட் எடுத்தால் 45, 50 பாகை அளவில் இரண்டு வெட்ஜையும் சேர்த்து எடுங்கள். மொத்தம் 14 மட்டைக்கு மேல் பையில் இருக்கக்கூடாது என்பது விதி, ஆகவே மேலே எதையாவது கழிக்க வேண்டும். 3, 4 அயர்ன்களைக் கழித்து ஒரு ஹைபிரிட் (அயர்னுக்கும் தடித்த தலை மட்டைக்கும் இடைப்பட்டது) வையுங்கள், அவற்றுக்காக ஒருவரும் அழமாட்டார்கள்.

கலப்புச் செட் எனக்குப் பிடித்த வழி: 5, 6 அயர்ன் தாராளமான தலையில், 7 முதல் வெட்ஜ் வரை அளவான தலையில், ஒரே கம்பனியின் இரண்டு மாதிரிகளிலிருந்து. நீளமான அயர்னில்தான் பொறுமை தேவை, குறுகியதில்தான் கை சொல்வது தேவை. சேர்க்கும்போது இரண்டு மாதிரியின் சாய்வுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 6க்கும் 7க்கும் நடுவில் இடைவெளி 4, 5 பாகையாக இருந்தால் சரி. 7 பாகை என்றால் ஒரு தூரம் காணாமல் போகும், 2 என்றால் ஒரே மட்டையை இரண்டு தரம் வாங்கியிருக்கிறீர்கள்.

5. ஷாஃப்ட்: காசை இதில் போடுங்கள்

தலையைப் பற்றி மணிக்கணக்கில் கதைத்துவிட்டு ஷாஃப்ட்டைப் பற்றி ஒரு வசனம்கூடக் கேட்காமல் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பிழை பொறுக்கிற தலையைப் பொருந்தாத ஷாஃப்டில் போட்டால் பிழைதான் கூடும், அடியின் இடமே மாறிவிடும்.

முதலில் பாரம், பிறகுதான் விறைப்பு. ட்ரூ டெம்பர் டைனமிக் கோல்ட் எஸ்300 ஒன்று 130 கிராம் அளவு. நிப்பொன் என்.எஸ்.புரோ 950 என்கிறது 100 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. கிராஃபைட் என்றால் 50இலிருந்து 80 வரைக்கும் பொதுவாகக் கிடைக்கும். தலைக்கும் கைக்கும் இடையில் அவ்வளவு வித்தியாசம். பாரம் கூடிய ஷாஃப்ட் வேகக் கைகளைக் கட்டுப்படுத்தும், ஒரே இடத்தில் பட உதவும். பாரம் குறைந்தது வேகம் தரும், முழங்கையையும் தோளையும் காப்பாற்றும். பந்துவீசிப் பழகிய இளந்தாரி ஒருவர் மெல்லிய கிராஃபைட்டை எடுத்தால் தலை எங்கே இருக்கிறதென்றே கைக்குத் தெரியாது. ஐம்பத்தைந்து தாண்டிய ஒருவர் "உருக்குத்தான் ஆம்பிளைக்கு" என்று எஸ்300 எடுத்தால் பதினோராவது குழியில் தோள் கதை சொல்லும்.

விறைப்புக்கு ஒரு பருமட்டான கணக்கு: 34 பாகை அளவுள்ள 7 அயர்னால் பந்து காற்றில் போகும் தூரம் 140 யார் அளவென்றால் ரெகுலர், 155ஐத் தாண்டினால் ஸ்டிஃப் (விறைப்பானது), 120க்குக் கீழே என்றால் சீனியர் (மென்மையானது). சந்தேகம் வந்தால் மென்மையான பக்கம் சாயுங்கள். விறைத்த ஷாஃப்டில் பந்து தாழவும் வலப்பக்கமாகவும் போவதுதான் நம்மவர்களிடம் நான் அதிகம் பார்க்கிற குறை, கை செத்த மாதிரி இருக்கிறதென்று தலையைக் குறை சொல்லுவார்கள்.

6. நீளமும் சாய்ந்து கிடக்கும் கோணமும்

வெறுங்காலோடு நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து நிலம் வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். 34 முதல் 36 அங்குலம் வரை என்றால் பொதுவாகச் சாதாரண நீளம் பொருந்தும், 7 அயர்னில் அது 37 அங்குலம் அளவு.

கோணம் என்பது மட்டையை நிலத்தில் வைக்கும்போது ஷாஃப்ட் நிலத்தோடு சாய்ந்து நிற்கிற அளவு. அதைப் பார்க்க வைட்போர்ட் மார்க்கர் வேண்டும். பந்தின் பின்பக்கத்தில் நேர் செங்குத்தாக ஒரு தடித்த கோடு போட்டு, கோடு மட்டையைப் பார்க்க வைத்து அடியுங்கள். கோடு முகத்தில் பதியும். பள்ளக்கோடுகளுக்குச் செங்குத்தாகப் பதிந்தால் கோணம் சரி. கோட்டின் மேல்முனை நுனிப்பக்கம் சாய்ந்தால் மட்டை உங்களுக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்திருக்கிறது, வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். குதிப்பக்கம் சாய்ந்தால் எதிர்மாறு. ஒரு அடியை நம்பாதீர்கள், ஐந்தாறு அடித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

ஃபோர்ஜ்டு கார்பன் உருக்கை ஒன்றிரண்டு பாகை வளைக்கலாம். வார்த்தது கடினம், தெரியாமல் வளைத்தால் கழுத்து வெடிக்கும். பிங் கம்பனி ஒவ்வொரு மட்டையிலும் நிறப் பொட்டு வைத்து இந்தக் கோணத்தைக் காட்டுகிறது, கறுப்புப் பொட்டு என்றால் சாதாரணம். தயவுசெய்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் வைஸில் இறுக்கி வளைக்கச் சொல்லாதீர்கள். அந்த அண்ணை வளைத்துத் தருவார், கேட்டதெல்லாம் வளைப்பார். அதற்கென்று இருக்கிற கருவியில் பாகை அளந்துதான் வளைக்க வேண்டும், ஆகவே வெளிநாட்டிலிருந்து வருகிற செட் என்றால் புறப்பட முன்னமே அங்கே வளைப்பித்து எடுப்பது நல்லது.

7. நிலம் எப்படி

காய்ந்து இறுகிய தரையில் ஆகலும் அகன்ற அடிப்பகுதி துள்ளி, மட்டையின் கீழ்விளிம்பு பந்தின் வயிற்றில் அடிக்கும். நுவரெலியாவின் ஈர நிலத்தில் அதே அகலம் புதையாமல் காப்பாற்றும். நீங்கள் அதிகம் ஆடப்போவது எங்கே என்று யோசியுங்கள். நிலத்தைத் தோண்டி அடிக்கிற பழக்கம் இருந்தால் அகலம் எடுங்கள், துடைத்துக்கொண்டு போகிறவர் என்றால் நடுத்தரம் போதும்.

8. ரொறன்ரோவிலிருந்து வருகிற செட்

இங்கே பெரும்பாலும் நடப்பது இதுதான். மச்சான் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார், "அத்தான், புதுசு மாதிரிக் கிடக்கு, எடுக்கட்டோ?" என்று. படத்தில் தெரிவது முதுகு மட்டும்தான். முகம், அடிப்பகுதி, கழுத்து, பிடி, ஷாஃப்டில் ஒட்டியிருக்கிற பட்டை, எல்லாவற்றுக்கும் கிட்டப் படம் கேளுங்கள். பள்ளக்கோடுகளின் விளிம்பு தேய்ந்து வழுவழுத்திருந்தால் வெட்ஜுக்கு அது கெடுதல், 5 அயர்னுக்கு அவ்வளவு பரவாயில்லை. முகத்தின் நடுவில் மட்டும் வட்டமாகத் தேய்ந்திருந்தால் முன்னைய சொந்தக்காரர் நல்ல ஆட்டக்காரர், மட்டையின் கோணத்தைத் தனக்கென்று வளைத்திருக்கவும் கூடும். எல்லா மட்டையையும் பிடிப்பக்கம் சுவரோடு ஒட்டி வரிசையாகக் கிடத்திப் படம் எடுக்கச் சொல்லுங்கள். தலைகள் அரை அங்குலம் அரை அங்குலமாகப் படி இறங்க வேண்டும், ஒன்று மட்டும் பிசகினால் அது உடைந்து மாற்றியது. தலையும் ஷாஃப்டும் சேருகிற இடத்திலுள்ள கறுப்பு வளையம் மேலே நகர்ந்திருந்தால் பசை விட்டுப்போகத் தொடங்கிவிட்டது.

புதிய மாதிரி பாதி விலைக்கு, பெட்டியோடு, முன்பின் தெரியாத இணையக் கடையில் என்றால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தலைமுறை பழைய, நல்ல கம்பனியின் மாதிரி எப்போதும் மேல். இடக்கைக்காரருக்குப் பழைய செட் கிடைப்பது கஷ்டம், கண்ணில் பட்டால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கொண்டுவரும் வழி: பலாலிக்கு வருகிறவை சின்ன விமானங்கள், நீளமான பொதியை ஏற்றுவார்களா என்று பயணச்சீட்டு எடுக்க முன்னமே கேட்டுவிடுங்கள். கட்டுநாயக்காவில் இறங்கி ரயிலிலோ பஸ்ஸிலோ வருகிறவர்கள் தலைகளைத் துவாயால் சுற்றிக் கட்டுங்கள்.

வந்து சேர்ந்ததும் முதல் வேலை பிடி மாற்றுவது. காய்ந்து வழுக்குகிற பிடியை இறுக்கிப் பிடித்தால் முழங்கை வரைக்கும் இறுகும், கையுணர்வு அங்கேயே செத்துப்போகும். உங்கள் கை அதிகம் வியர்க்கும் என்றால் நூல் கலந்த பிடி எடுங்கள். சித்திரை வெயிலில் கார் டிக்கியில் மட்டைகளை விட்டுவைக்கக் கூடாது, பிடியின் றப்பரும் உள்ளே இருக்கிற பசையும் கெடும். கார்பன் உருக்கில் மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் எங்கள் கடற்காற்றுக்குத் துரு கெதியாகப் பிடிக்கும். கழுவுவதென்றால் உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே வைக்காதீர்கள், உலரத் துடைத்துத் தையல் மெசின் எண்ணெயில் ஒரு துணியை நனைத்துத் தடவிவிடுங்கள்.

9. மச்சானுக்கு அனுப்ப வேண்டிய செய்தி

இவ்வளவும் செய்துவிட்டு "நல்லதாப் பார்த்து எடு" என்று அனுப்பினால் அவர் விற்பனையில் இருக்கிறதை எடுப்பார். இப்படி அனுப்புங்கள், எண்களை உங்களுடையதாக மாற்றி:

"5 இலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை, வலக்கை. பிங் ஐ210 அல்லது அந்த ரகம். 7 அயர்ன் 32, 34 பாகைக்குள் இருக்க வேணும். ஷாஃப்ட் நிப்பொன் 950 ரெகுலர், இல்லாட்டி 90, 105 கிராமுக்குள் வேறு உருக்கு. எஸ்300 வேண்டாம், சும்மா தந்தாலும் வேண்டாம். கறுப்புப் பொட்டு. என் அடி நுனிப்பக்கம் போகுது, ஆகவே ஒல்லித் தலை வேண்டாம். வாங்க முதல் முகம், அடி, கழுத்துப் படம் அனுப்பு. 50 பாகை வெட்ஜ் ஒன்றும் கிடைத்தால் சேர்த்து எடு."